இரட்டைக் கோட்டுக்குப் பிறகு

சேமி என்று அழுத்தினால் போதும்,
ஃபார்மேட்டர் ஓடிவந்து நிரலுக்குத் தலைவாரிவிடும்.
காற்புள்ளிக்குப் பின் ஓர் இடம்,
அடைப்புக்குறிக்கு உள்ளே இடமே இல்லை,
எண்பது எழுத்தில் அடங்காத வரி மடங்கும்,
அடங்கினால் அடுத்தது வந்து ஒட்டிக்கொள்ளும்.
ரீகா நகர இரத்த வங்கியில்
அதன்மேல் யாருக்கும் மனத்தாங்கல் கிடையாது,
இல்மார்ஸைத் தவிர.

அவனுக்கும் சின்னக் கோபம்தான்.
வினவலில் அவன் எய்த அம்பை,
ஒரு கோடும் இரண்டு கூர்முனையும் சேர்ந்த ஒரே குறியை,
மூன்று துண்டாக முறித்து
இடைவெளி விட்டு அழகாக அடுக்கியிருந்தது ஒருநாள்.
சிவப்பில் பிழை கத்தியது.
சிரித்துக்கொண்டே ஒட்டவைத்தான்.
கத்துகிற பிழை நல்ல பிழை.

மார்ச் மாதம். டௌகவா ஆற்றில்
பனிப்பாளங்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன.
வரவேற்பு மேசையில் வெல்தா ஸ்ப்ரூஜே
ஈரக் கையுறையைக் கழற்றி
ஒரு கடிதத்தை வைத்தார்.
மதிப்புக்குரிய வில்னிஸ்,
உங்கள் இரத்தம் மீண்டும் தேவைப்படுகிறது,
வசதியான நாளில் வாருங்கள்.

"வரமாட்டார்" என்றார் வெல்தா.
"நவம்பரிலிருந்து அவருக்கு எந்த நாளும் வசதிப்படாது."

இருநூற்றுப் பன்னிரண்டு கடிதங்கள் அப்படிப் போயிருந்தன.

ஸனிதா வினவலைத் திறந்தாள்.
நம் காதில் வேர் என்று விழும் அந்தச் சொல்லுக்குக் கீழே
நிபந்தனைகள் வரிசையாகத்தான் தொங்கின.
நகரம், சரி. வயது, சரி.
கடைசியாகக் கொடுத்து எட்டு வாரம் ஆயிற்றா, சரி.
பிறகு இரட்டைக் கோடு போட்டு
அவளே என்றோ எழுதிய குறிப்பு:

-- இறந்தவர்களை எழுப்ப வேண்டாம்

அடுத்த வரியில் இருக்க வேண்டியது
அடுத்த வரியில் இல்லை.

-- இறந்தவர்களை எழுப்ப வேண்டாம் மேலும் இறந்த தேதி வெற்று

எண்பதுக்குள் அடங்கியது, ஒட்டிவிட்டது.
இரட்டைக் கோட்டுக்குப் பிறகு வருவதெல்லாம் மனிதர் பேச்சு;
வரி முடியும்வரை இயந்திரம்
காதைப் பொத்திக்கொள்ளும்.

சீர் பிரிக்கத் தெரியாதவன் கையில் செய்யுள் கிடைத்தால்
சொல் திரியும், பொருள் திரியும்.
இங்கே ஓர் எழுத்தும் திரியவில்லை.
கண்ணுக்குத் தெரியாத ஒரு வரிமுறிவு காணாமல் போக
அந்த வழியாக
இருநூற்றுப் பன்னிரண்டு பேர் எழுந்து வந்தார்கள்.

வெல்தா கிளம்பவில்லை. காப்பி வேண்டாம் என்றார்.
மன்னிப்பும் வேண்டாமாம்.
"எத்தனை முறை கொடுத்தார் என்று
உங்கள் பெட்டியில் இருக்குமா?
பத்துப் பன்னிரண்டு என்பார் என்னிடம்."

ஸனிதா ஃபார்மேட்டரை அணைத்துவிட்டு
ஒற்றை வரியில் கேட்டாள்.
முப்பத்து நான்கு.

தேதிகளையும் வாங்கிப் பார்த்தார் வெல்தா.
பெரும்பாலும் குளிர்காலச் சனிக்கிழமைகள்.
"மீன்பிடிக்கப் போகிறேன் என்பார்.
பனியில் துளை போட்டு உட்காருவாராம்.
ஒரு மீன்கூடக் கொண்டுவந்ததில்லை.
கைராசி இல்லாத மனிதர் என்று
ஊரெல்லாம் சொல்லியிருக்கிறேன்."
தாளை நான்காக மடித்தார்,
பிரித்தார், மறுபடி மடித்தார்.

இரவு இல்மார்ஸ் ஃபார்மேட்டரின் வயிற்றைத் திறந்தான்.
இடைவெளியும் வரிமுறிவும்
அதற்கு ஒரே வெறுமை.
முதல் திருத்தத்தில், சேமிக்கும் ஒவ்வொரு முறையும்
கோப்பின் கடைசியில் ஒரு காலி வரி முளைத்தது.
கம்பு ரொட்டியைக் கடித்தபடி அதை அழித்தான்.
இரண்டாவது திருத்தம் பதினொரு வரி.
குறிப்பு முடிந்தால் முறி,
அடங்கினாலும் முறி.

பிறகு சோதனை.
உள்ளே போவது: குறிப்பு, வரிமுறிவு, நிபந்தனை.
வெளியே வர வேண்டியதும் அதுவே.
சோதனைக்குப் பெயர் கேட்டது.
மீன் இல்லாத சனிக்கிழமை, என்று தட்டினான்.
பச்சை விழுந்தது.

காலையில் ஸனிதா அந்தப் பெயரில் கைவைக்கவில்லை.

அம்பை இன்னும் மூன்றாகத்தான் முறிக்கிறது.
திங்களன்று பார்க்கலாம்.